எல்லாருக்கும் தெரிந்த பெயரைக் குழந்தைக்கு வைக்கலாமா?

கேள்வி இது: "பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு பெயரை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் யாரிடம் சொன்னாலும் உடனே ஒரே பிரபலத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவரை எங்களுக்கும் பிடிக்கும், ஆனால் அவருக்காக மட்டும் வைக்கவில்லை. இந்தப் பெயரை வைக்கலாமா, வேறு தேடலாமா?"

பெரும்பாலும் வைக்கலாம். ஆனால் அந்தப் பிரபலம் எவ்வளவு பெரியவர் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பெயரில் அவரைத் தவிர வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி அதுதான்.

மைக்கேல் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஜாக்சன், கூடைப்பந்துக்கு ஜோர்டான், கார்ப் பந்தயத்துக்கு ஷூமாக்கர், நீச்சலுக்கு ஃபெல்ப்ஸ். அத்தனை பேரும் அவரவர் துறையின் உச்சியில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட நால்வர் இருப்பதாலேயே, ஒரு பையனுக்கு மைக்கேல் என்று வைத்தால் "யார் நினைவாக வைத்தீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. புகழ் பல பேரிடம் பிரிந்துபோய்விடுகிறது. எல்விஸ் அப்படியல்ல. அந்தப் பெயரைக் கேட்டதும் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஒருவர்தான் நினைவுக்கு வருவார், அடுத்த ஆள் சட்டென்று கிடைக்கமாட்டார். எல்விஸ் என்று பெயர் வைக்கப்பட்ட பையன் அறிமுகமாகும் ஒவ்வோர் இடத்திலும் "பாடத் தெரியுமா?" என்ற கேள்வியைச் சந்திப்பான். கேட்பவருக்கு அது முதல் தடவை, அவனுக்கு ஆயிரமாவது தடவை. பெரிய துன்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சுமக்கப்போவது நீங்கள் அல்ல, அவன்.

ஆகவே உங்கள் பெயரை இந்த வழியில் பாருங்கள். பல நூற்றாண்டாகப் பலர் வைத்துக்கொண்ட பெயரா, அதில் ஒருவர் மட்டும் இப்போது பிரபலமாக இருக்கிறாரா? அப்படியென்றால் பயப்பட வேண்டாம். டயானா என்ற பெயரில் ரோமானியத் தெய்வம் இருக்கிறது, பிரிட்டிஷ் இளவரசி இருக்கிறார், பாடகி டயானா ராஸ் இருக்கிறார். இளவரசியின் நினைவு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்தப் பெயரில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. மாறாக, அந்தப் பெயரையே உலகம் அந்த ஒருவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டது என்றால், நீங்கள் வைப்பது ஏறக்குறைய அவருடைய பெயரைத்தான்.

பெயரோடு ஒட்டிய நினைவு நிரந்தரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1973-ல் பிறந்த சச்சின் டெண்டுல்கருக்கு அவர் அப்பா ரமேஷ் டெண்டுல்கர் அந்தப் பெயரை வைத்தது, தனக்குப் பிடித்த இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மன் நினைவாக. அன்று அந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு இசை நினைவுக்கு வந்திருக்கும். இன்று யாருக்கு வருகிறது? நெல்சன் மண்டேலாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. நெல்சன் என்பது பள்ளியில் ஆசிரியை கொடுத்தது. அந்தக் காலத்தில் நெல்சன் என்றால் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. இப்போது உலகின் பெரும்பகுதிக்கு அது மண்டேலாவின் பெயர். ஆனால் இதை நம்பி இறங்காதீர்கள். நம் குழந்தை அந்தப் பிரபலத்தையே மறக்கடிக்கும் அளவுக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பெயர் வைப்பது குழந்தைக்குச் செய்யும் நியாயம் அல்ல. சாதாரண, நிம்மதியான ஒரு வாழ்க்கை வாழப்போகும் ஆளுக்கும் அந்தப் பெயர் பொருந்த வேண்டும்.

அடுத்தது முழுப்பெயர். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தனியாகப் பார்த்தால் எந்தச் சிக்கலும் இல்லாத பெயர், குடும்பப் பெயரோடோ அப்பா பெயரோடோ சேரும்போது அப்படியே ஒரு பிரபலமாகிவிடும். இது பெரிய ஆட்களையே பாடுபடுத்தியிருக்கிறது. 1899-ல் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற பெயரில் எழுத்தாளர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்க நாவலாசிரியர், இன்னொருவர் பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர். அன்றைக்கு அதிகப் புகழ் அமெரிக்கருக்குத்தான். குழப்பத்தைத் தீர்க்கப் பிரிட்டிஷ்காரர் கடிதம் எழுதி, இனி தன் எழுத்துகளில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அவர் பெயருக்குள் ஸ்பென்சர் என்ற இன்னொரு பகுதி ஏற்கெனவே இருந்ததால் அது முடிந்தது. எலிசபெத் டெய்லர் என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. திருமணத்தால் அந்தக் குடும்பப் பெயர் வந்தது, அவருடைய முதல் நாவல் 1945-ல் வெளிவந்தது. அதற்குள் அதே பெயரில் ஒரு சிறுமி ஹாலிவுட்டில் நட்சத்திரமாகிவிட்டாள். நல்ல எழுத்தாளர் என்று விமர்சகர்கள் மதித்த ஒருவரைப் பற்றி இன்றைக்கும் பேச்செடுத்தால் "அந்த நடிகை இல்லை, வேறொருவர்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் இயற்பெயர் டேவிட் ஜோன்ஸ். 1960-களில் டேவி ஜோன்ஸ் என்ற இன்னொரு பாடகர், பின்னாளில் மங்கீஸ் இசைக்குழுவில் புகழ்பெற்றவர், ஏற்கெனவே இருந்ததால் பெயரை மாற்றிக்கொண்டார். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் கீட்டன் பிறந்தது மைக்கேல் டக்ளஸ் என்ற பெயரில். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் அவரும் மாற்ற வேண்டியதாயிற்று. கலைஞர்கள் மாற்றிக்கொள்ளலாம், அவர்கள் தொழிலில் அது இயல்பு. ஒரு மருத்துவரோ கணக்காளரோ முப்பது வயதில் அப்படி மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

இதில் இன்னொன்று உண்டு. முழுப்பெயரும் ஒரு பிரபலத்தின் பெயராக இருந்தால் இணையத்தில் தேடும்போது உங்கள் பிள்ளை கிடைக்கவே மாட்டான். அது நல்லதா கெட்டதா என்பது ஆளைப் பொறுத்தது. தன் வேலையைப் பற்றி நாலு பேர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தொழிலில் இருப்பவருக்கு அது தொந்தரவு. ஒதுங்கி வாழ நினைப்பவருக்கு அதுவே பாதுகாப்பு. எதுவாக இருந்தாலும் முதல் பெயரை மட்டும் சொல்லிப் பார்க்காமல், சான்றிதழில் எப்படி வருமோ அப்படியே முழுசாக எழுதி, சத்தமாக வாசித்துப் பாருங்கள். இடித்தால், நடுவில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது நல்ல வழி. சர்ச்சில் செய்தது அதைத்தான்.

சரி, அந்தப் பிரபலம் உயிரோடு இருக்கிறாரா? இங்கே என் கருத்து கொஞ்சம் கறாரானது. கதை இன்னும் முடியாத ஒருவரின் தனித்துவமான பெயரைக் குழந்தைக்கு வைக்காதீர்கள். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வென்றார். அந்த ஆண்டுகளில் அவரைப் பார்த்து நெகிழ்ந்து மகனுக்கு லான்ஸ் என்று வைத்த பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது. 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் அந்த 7 பட்டங்களும் பறிபோயின, 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். நல்லவேளையாக லான்ஸ் என்பது பழைய பெயர், அவருக்கு முன்னும் பலருக்கு இருந்தது. அதனால் அந்தப் பையன்கள் தப்பித்தார்கள்.

கற்பனைப் பாத்திரங்களிலும் இதே கதைதான். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது அதில் வரும் ஒரு வீரப்பெண்ணை அழைக்கும் பட்டமான கலீசி என்பதை அமெரிக்காவில் நிறையப் பேர் மகளுக்குப் பெயராக வைத்தார்கள். 2018-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அடுத்த ஆண்டு, 2019 மே மாதம், தொடர் முடியும் தறுவாயில் அந்தப் பாத்திரம் சரணடைந்த நகரத்தையே எரித்து, அப்பாவி மக்களைக் கொன்றது. அடிமைகளை விடுவித்தவள் என்று நினைத்து வைத்த பெயர், ஒரே வாரத்தில் வேறு அர்த்தம் பெற்றுவிட்டது. கதை நடந்துகொண்டிருக்கும்போது பாத்திரத்தின் பெயரை எடுத்தால் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும்.

இறந்தவர்கள் முழுக்கப் பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. வரலாறு திரும்பத் திரும்ப எடை போடும். ஆனாலும் ஐம்பது, நூறு ஆண்டு கடந்து நிற்கும் நல்ல பெயர் நாளைக் காலையில் திடீரென்று கவிழ்ந்துவிடுவது அபூர்வம்.

இடம் மாறும்போது பெயர் என்னவாகிறது என்பதையும் யோசியுங்கள். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலின் இறந்தது அதே ஆண்டு மார்ச் 5. அந்த நாட்களில் நடந்த இரங்கல் கூட்டத்தில் கருணாநிதி தன் மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். இன்று தமிழ் பேசுபவர்களின் காதில் ஸ்டாலின் என்றால் முதலில் வருவது சோவியத் தலைவர் அல்ல. அதே பெயரை உக்ரைனிலோ போலந்திலோ சொன்னால் கேட்பவரின் முகம் மாறும். அங்கே அது பஞ்சத்தையும் சிறை முகாம்களையும் நினைவூட்டும் பெயர். ஒரே பெயர்தான், ஓர் ஊரில் சாதாரணம், இன்னோர் ஊரில் காயம்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் நமீபியாவில் இருக்கிறது. அது முன்பு ஜெர்மனியின் காலனி என்பதால் ஜெர்மானியப் பெயர்கள் இன்னும் அங்கே புழக்கத்தில் உள்ளன. 2020-ல் அங்கே நடந்த வட்டார கவுன்சில் தேர்தலில் அடால்ஃப் ஹிட்லர் ஊனோனா என்பவர் 85 சதவீத வாக்குகளோடு வென்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியாமலே தன் அப்பா வைத்திருக்கலாம் என்றும், சிறுவயதில் அது தனக்குச் சாதாரணப் பெயராகத்தான் தெரிந்தது என்றும், வளர்ந்த பிறகே விஷயம் புரிந்தது என்றும் அவர் விளக்க வேண்டியிருந்தது. தன் தொகுதியில் மதிக்கப்படும் மனிதர் அவர். ஆனாலும் வெளியுலகம் அவரிடம் முதலில் கேட்டது பெயரைப் பற்றித்தான். நீங்கள் இப்படி ஒரு பெயரை வைக்கப்போவதில்லை என்பது தெரியும். ஆனால் இந்த அளவுக்கு இல்லாத, தூரத்து நாட்டில் மட்டும் காயப்படுத்தும் பெயர்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பிள்ளை எந்த நாட்டில் படிக்கும், யாரோடு வேலை செய்யும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. பெயரை ஒரு தடவை இணையத்தில் தேடி, உங்கள் வட்டத்துக்கு வெளியே அது எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் விஷயங்களை யாராலும் தடுக்க முடியாது. ஐசிஸ் பல ஆயிரம் ஆண்டுப் பழமையான எகிப்தியத் தெய்வத்தின் பெயர். 2014-க்குப் பிறகு செய்திகளில் அது ஓர் ஆயுதக் குழுவின் பெயராகிவிட்டது. கேரன் ஒரு காலத்தில் அமெரிக்காவில் மிகப் பிரபலமான பெண் பெயர்களில் ஒன்று, இப்போது எதற்கெடுத்தாலும் மேலாளரைக் கூப்பிடச் சொல்லும் பெண்ணைக் கேலி செய்யும் மீம். எந்த அம்மாவும் இதை முன்கூட்டியே கண்டிருக்க முடியாது.

இவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அலெக்ஸா. அமேசான் நிறுவனத்தின் பேசும் ஸ்பீக்கர் அமெரிக்காவில் பரவலாக விற்பனைக்கு வந்தது 2015-ல். அந்த ஆண்டு அங்கே 6,000-க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு அலெக்ஸா என்று பெயர். 2020-ல் அது 1,300 அளவுக்குச் சரிந்துவிட்டது. மற்றப் பிரபலப் பெயர்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. ஒரு நடிகையின் பெயரை வைத்தால் ஒப்பிடுவார்கள், அவ்வளவுதான். இந்தப் பெயரை வைத்தாலோ கட்டளை இடுகிறார்கள். "அலெக்ஸா, பாட்டுப் போடு, அலெக்ஸா, விளக்கை அணை" என்று வகுப்பில் ஒரு சிறுமியைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் விளையாட்டு அல்ல, அவளை வேலைக்காரியாக நடத்துவது. பிரிட்டனில் இந்தக் கேலி தாங்காமல் மகளின் பெயரையே மாற்றிய பெற்றோர் உண்டு. அந்தச் சாதனத்தைக் கூப்பிட எக்கோ, கம்ப்யூட்டர் போன்ற வேறு சொற்களை வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஆனால் அது நம் வீட்டில் உள்ள சாதனத்தை மட்டுமே மாற்றும், பள்ளியில் உள்ள பிள்ளைகளின் வாயை மாற்றாது. மனிதர்களுக்கு வழக்கத்தில் இருக்கும் பெயரை ஒரு பொருளுக்கு வைக்கும் நிறுவனங்கள் இதை யோசித்திருக்க வேண்டும். பெயர் தேடும் பெற்றோர் கவனிக்க வேண்டியது, அந்தப் பெயரைக் கேட்டதும் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதோடு, அதை வைத்து என்ன செய்யமுடியும் என்பதும்தான். ஒரே ஒரு வசனத்தோடு ஒட்டிய பெயர், விளம்பரப் பாட்டோடு ஒட்டிய பெயர், இவற்றை நான் தவிர்ப்பேன்.

கத்ரீனா வேறு மாதிரி. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவைத் தாக்கிய சூறாவளிக்குப் பிறகு அங்கே அந்தப் பெயர் வைப்பது குறைந்தது. உலக வானிலை அமைப்பே அந்தப் பெயரைச் சூறாவளிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதே ஆண்டுகளில் இந்தியாவில் கத்ரீனா என்றால் இந்தி நடிகை. இன்னொரு வேடிக்கையான விளைவையும் ஜோனா பெர்கர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2012-ல் வெளியிட்டார்கள்: சூறாவளிக்குப் பிறகு கே எழுத்தில் தொடங்கும் மற்றப் பெயர்கள் சுமார் 9 சதவீதம் கூடின. அந்த ஒலி எல்லார் காதிலும் ஓயாமல் விழுந்துகொண்டிருந்ததுதான் காரணம். ஹார்வர்டு சமூகவியல் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி லீபர்சனும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். பிரபலத்தால் பரவியது என்று நாம் நினைக்கும் பல பெயர்கள், அந்தப் பிரபலம் வருவதற்கு முன்பே ஏறுமுகத்தில் இருந்தவை. ஆகவே உங்களுக்குத் தோன்றிய பெயர் அதே ஆண்டில் இன்னும் பலருக்கும் தோன்றியிருக்கும். வகுப்பில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தால் பரவாயில்லையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைக்காத தொடர்பையும் மற்றவர்கள் கட்டிவிடுவார்கள். நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் ரச்சின் ரவீந்திராவின் பெயர் ராகுல் திராவிட், சச்சின் டெண்டுல்கர் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தது என்று 2023 உலகக் கோப்பையின்போது எங்கும் பேசப்பட்டது. அப்படித் திட்டமிட்டு வைக்கவில்லை, மனைவி சொன்ன பெயர் கேட்க நன்றாக இருந்தது, இந்த ஒற்றுமை சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது என்று அவர் அப்பா விளக்கினார். அதற்குள் உலகம் நம்பிவிட்டது. ஆகவே "அவருக்காக வைக்கவில்லை" என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அது எடுபடாது. எடுபடாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் வையுங்கள்.

உண்மையிலேயே ஒருவர் நினைவாகத்தான் வைக்கிறீர்கள் என்றால் அதில் தவறே இல்லை. சில பெயர்கள் அப்படித்தான் அழகாக அமைந்திருக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் 1929-ல் பிறந்தபோது அவர் பெயர் மைக்கேல். அவர் அப்பா 1934-ல் ஜெர்மனிக்குப் போய்வந்த பிறகு, மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் பெயரைத் தனக்கும் மகனுக்கும் சூட்டினார். மலாலாவுக்கு அவர் அப்பா வைத்தது, 1880-ல் மைவாந்த் போரில் வீரர்களுக்கு ஊக்கம் தந்ததாகப் போற்றப்படும் மலாலாய் என்ற ஆப்கன் பெண்ணின் பெயர். இரண்டிலும் அப்பாக்கள் எடுத்துக்கொண்டது ஒருவரின் புகழை அல்ல, அவர் செய்த காரியத்தை. பிள்ளை வளர்ந்து "ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடிய, கேட்டுப் பெருமைப்படக்கூடிய பதில் உங்களிடம் இருக்க வேண்டும். "அப்போது நாங்கள் அவருடைய தீவிர ரசிகர்கள்" என்பது அந்தப் பதில் அல்ல.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பல நாடுகளில் பதிவாளர் மறுக்கலாம். பிரான்சில் 1993 முதல் பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கலாம், ஆனால் குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று பட்டால் விஷயம் நீதிமன்றம் போகும். நுடெல்லா என்று வைத்த ஒரு பெயரை அங்கே நீதிபதி எல்லா என்று மாற்றினார். மெக்சிகோவின் சோனோரா மாநிலம் 2014-ல் 61 பெயர்களைத் தடைசெய்தது, ராம்போ, ரோபோகாப், ஃபேஸ்புக் எல்லாம் அதில் அடக்கம். நியூசிலாந்தில் பதவி, பட்டம் போல ஒலிக்கும் பெயர்கள் நடக்காது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முடிவெடுக்க முடியாமல் தவித்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, எதுவும் விளக்காமல் அந்தப் பெயரை மட்டும் சொல்லி, யார் நினைவுக்கு வருகிறார்கள் என்று வெவ்வேறு வயதுக்காரர்களிடம் கேளுங்கள். கட்டாயம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடமும் கேளுங்கள், நமக்குத் தெரியாத மீம்களும் கெட்ட அர்த்தங்களும் அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரே ஆளைச் சொன்னால் அந்தப் பெயரில் வேறு யாருக்கும் இடம் இல்லை. ஆளுக்கொன்றாகச் சொன்னால் தைரியமாக வையுங்கள். இரண்டாவது, அந்தப் பிரபலம் நாளைக்கே பெரிய அவமானத்தில் சிக்கினார் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் இந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். உங்கள் கேள்வியில் "அவருக்காக மட்டும் வைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

பிடிக்கும் என்றால் அந்தப் பெயரையே பதிவு செய்யுங்கள், கூடவே தொடர்பு எதுவும் இல்லாத அமைதியான இரண்டாவது பெயர் ஒன்றையும் சான்றிதழில் சேர்த்துவிடுங்கள். பதினெட்டு வயதில் முதல் பெயர் பாரமாகத் தெரிந்தால், இரண்டாவதைப் பயன்படுத்த ஆரம்பிக்கப் பிள்ளைக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது. அப்படி அது செய்தால், நீங்கள் வருத்தப்படாமல் அந்தப் பெயரில் கூப்பிடப் பழகிக்கொள்ளுங்கள்.